அடிக்கடி செலவு வைக்கும் கார்: நெல்லைப் பக்கம் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் அம்மாவும் சித்தியும். ஈரடுக்கு மேம்பாலம் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்தன. பத்து நிமிடத்தில் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, பானட்டிலிருந்து ஆவி வந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அந்தக் கார் அதே காரணத்துக்காக என்னை நடுவழியில் நிறுத்தியது அது நான்காவது தடவை.

அதற்கு முன்பு மூன்று தடவை ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்தேன். முதல் தடவை எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டும், அதன் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் மாற்றினார்கள், 3,400 ரூபாய். அடுத்த மாதம் ரேடியேட்டர், 8,700 ரூபாய். அதற்கடுத்து வாட்டர் பம்ப், 6,200 ரூபாய். மொத்தம் 18,300 ரூபாய் போன பிறகும் வண்டி சூடாகிக்கொண்டுதான் இருந்தது. தேர் முடிந்த மறுநாள், பேட்டைப் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

“ஓடும்போது சூடாவுதா, நிக்கும்போது சூடாவுதா? அதச் சொல்லுங்க தம்பி மொதல்ல.”

“நிக்கும்போதுதான் அண்ணாச்சி. நாலு வழிச்சாலையில போனா ஒண்ணும் இல்ல.”

“ஏசி?”

“சிக்னல்ல நின்னா குளிர் கம்மியாவுது.”

“அப்பம் ரேடியேட்டர எதுக்கு மாத்துனாவ?”

ரேடியேட்டர் ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே கருகிப்போயிருந்தது. ரிலே 280 ரூபாய், கூலி 300 ரூபாய். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றால் ஃபேன்தான் சுழன்றாக வேண்டும். ஏசியின் சூட்டையும் வெளியேற்றுவது அதே காற்றுதான் என்பதால் அதன் குளிரும் குறைந்திருக்கிறது. இரண்டு அடையாளமும் முதல் நாளிலிருந்தே என் கண்முன் இருந்தன. ஒர்க் ஷாப்பில் நான் சொன்னதோ “வண்டி ஹீட் ஆகுது” என்ற ஒரே வார்த்தை. அவர்களும் வேறெதுவும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத அந்த 18,300 ரூபாய்தான் காரணம். பழைய கார் என்றால் பழுதாகும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமலே பாகம் மாற்றுவதற்குக் கொடுக்கும் பணத்தைத் தவிர்க்க முடியும். நம்மைப் போன்றவர்கள் வருடம் முழுக்க மிச்சம் பிடித்த காசு பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி டாஷ்போர்டு பெட்டிக்குள் போடுங்கள். செல்போனில் எழுதலாம்தான், ஆனால் ஒர்க் ஷாப்பில் விரித்துக் காட்ட நோட்டுதான் வசதி. வண்டி என்ன செய்தாலும் நான்கு விஷயம் குறியுங்கள்: தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன ஆனது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம். வேலை பார்த்திருந்தால் எந்த ஒர்க் ஷாப், என்ன பாகம், எந்தக் கம்பெனி, எவ்வளவு, அந்தப் பாகத்துக்கு எத்தனை மாத வாரன்டி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லை அதே பக்கத்தில் பின் அடித்துவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில் இரண்டே கோடையில் வெளுத்துப்போகும், அதனால் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

மூன்று மாதம் இப்படி எழுதினால் கோளாறு எப்போதெல்லாம் வருகிறது என்று தானாகத் தெரியும். மழை பெய்த மறுநாள்தான் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டு விட்டு ஓடுவது) வருகிறது, இரண்டு நாள் நிறுத்தி வைத்தால்தான் செல்ஃப் எடுக்கவில்லை என்கிற மாதிரி. நல்ல மெக்கானிக்குக் கையில் கிடைக்கும் முதல் கருவியே இந்தத் தகவல்தான்.

இரண்டாவது: கோளாறைச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நாம் டாக்டரிடம் போனால் “வயிறு வலிக்கிறது” என்பதோடு நிறுத்த மாட்டோம். சாப்பிட்ட பிறகா, வெறும் வயிற்றிலா, எந்தப் பக்கம் என்று சொல்வோம் இல்லையா? காருக்கும் அதேதான். எஞ்சின் சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, எந்த வேகம், எந்தக் கியர், ஏசி ஓடியதா, மேடா பள்ளமா, என்ன சத்தம், என்ன வாடை என்று கவனியுங்கள். சத்தம் விட்டு விட்டு வருகிறது என்றால் செல்போனில் பதிவு செய்யுங்கள். ஒர்க் ஷாப்புக்குப் போகும் நேரம் பார்த்து வண்டி ஒழுங்காக ஓடும், அது எல்லாக் காருக்கும் உள்ள வழக்கம்.

சூடாவதைப் பற்றி மேலே சொன்னேன். அதையே இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வெயிலுக்கு இதுதான் அதிகம் வரும் தொல்லை. நிற்கும்போது மட்டும் சூடானால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே, ஒயர். வேகமாகப் போகும்போதோ பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு மேடேறும்போதோ சூடானால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் சந்தேகப்படலாம். தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த டீ நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் குட்டி குட்டித் தூரம் மட்டும் ஓடும் வண்டியில், மூடியில் மட்டும் கொஞ்சம் அப்படி இருப்பதுண்டு. அதனால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி, அதில் இருக்கும் ஆயிலையும் பாருங்கள்.

இன்னொன்று. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். அவசரத்துக்கு அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும், துருவும் ஏறும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலக்க வேண்டும். வேறு வழியில்லாமல் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால், வீடு வந்ததும் முழுக்க வடித்து, சுத்தம் செய்து, புதுக் கூலன்ட் நிரப்புங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இரண்டு ரகம். செல்ஃப் மோட்டார் சுற்றவே இல்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் கோளாறு பேட்டரி, ஒயர், செல்ஃப் பக்கம். நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை அல்லது ஸ்பார்க் வரவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர், அதாவது நம் ஊரில் டைனமோ என்கிறோமே அது, சரியாக வேலை செய்கிறது. எஞ்சின் ஓடியும் 12-லேயே நின்றால் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டும் பயனில்லை, அதுவும் இறங்கிப்போகும். டைனமோ கோளாறுக்குப் பேட்டரி மாற்றி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புகையைப் பார்ப்பது சுலபம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கருப்பு என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். உவரி, திசையன்விளைத் தேரிக்காட்டுச் செம்மண்ணில் தினமும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டர் அடைத்துவிடும். எஞ்சின் சூடான பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. அதிகாலையில் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுபோவது வெறும் நீராவி, அதற்குப் பயப்பட வேண்டாம்.

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால் என்ன செய்வது? 2013-க்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகி செல்போனோடு இணைக்கும் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. அது காட்டும் கோளாறுக் குறியீட்டு எண்ணைப் படித்து நோட்டில் எழுதுங்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து பாகம் வாங்கிவிடாதீர்கள். உதாரணத்துக்கு பி 0171 என்று வந்தால், பெட்ரோலுக்குக் காற்று அதிகமாகக் கலக்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சார் அழுக்காகியிருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலமிழந்திருக்கலாம். முதலாவது நூறு ரூபாய் வேலை, கடைசி பல ஆயிரம். எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதைத்தான் அந்த எண் காட்டும், தேடுவது மனிதன் வேலை. விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்த சைலன்சர் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் கெடுத்துவிடும். உடனே வேகம் குறைத்து நிறுத்துங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார் வைத்திருந்து, தினமும் மேலப்பாளையத்துக்கும் ஜங்ஷனுக்கும் மட்டும் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். சேர்ந்த கரி எரிய நல்ல சூடு வேண்டும், அதற்குத் தொடர்ச்சியாக ஓட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை நான்கு வழிச்சாலையில் வள்ளியூர் வரை போய்வந்தாலே போதும். டிபிஎஃப் விளக்கு எரிந்தும் அசட்டையாக இருந்தால் அந்த ஃபில்டரின் விலை கண்ணீர் வரவைக்கும்.

நடுவழியில் நின்றால்

வெப்பமுள் ஏறுகிறது என்று தெரிந்ததும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மே மாதத்தில் இது கொடுமையாகத்தான் இருக்கும், ஆனாலும் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுக்கும். பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சிவப்பில் முள் இருக்கும்போது “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டுவதுதான் 500 ரூபாய் வேலையை 50,000 ரூபாய் வேலையாக்கும். ஹெட் வளைந்துபோகும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் நூறு டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திருகிய நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். முக்கால் மணி நேரமாவது ஆற விடுங்கள்.

கயத்தாறிலிருந்து பணகுடி வரையுள்ள தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 எண்ணுக்குப் போன் செய்யலாம். ரோந்து வண்டியும் தூக்கிச் செல்லும் வண்டியும் வரும். நாங்குநேரியைத் தாண்டினால் நிழல் குறைவு, லாரிகள் வேகமாக வரும். முக்கோணத்தைப் பின்னால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு, குழந்தைகளைக் காருக்குள் உட்கார வைக்காமல் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். இன்சூரன்ஸில் ரோட் சைடு உதவி சேர்த்திருந்தால் அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நின்ற பிறகு பாலிசியைத் தேட முடியாது.

எந்த ஒர்க் ஷாப்

வாரன்டி முடியும் வரை கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாரன்டி முடிந்த வண்டிக்கு நம் ஊரில் இன்னொரு வசதி இருக்கிறது. ரேடியேட்டருக்கு ஒரு கடை, டைனமோவும் செல்ஃபும் பார்க்க ஆட்டோ எலக்ட்ரீசியன், டீசல் பம்புக்கு ஒருவர், ஏசிக்கு ஒருவர், டிங்கர் வேலைக்கு ஒருவர், கடைசல் வேலைக்கு லேத் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கை உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்தால், பல நேரம் அவர்களும் உங்கள் பாகத்தைக் கழற்றி இந்தக் கடைகளுக்குத்தான் அனுப்புகிறார்கள். எது எந்தப் பக்கத்துக் கோளாறு என்று ஓரளவு தெரிந்தால் நேராக அங்கேயே போகலாம்.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுகொள்வது? கேள்வி கேட்பவர் நல்லவர். உங்களோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவர் இன்னும் நல்லவர். பானட்டைத் திறந்ததுமே “இது போச்சு, மாத்திடலாம்” என்று சொல்பவரிடம் “எப்படிக் கண்டுபிடிச்சீங்க அண்ணாச்சி?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்து பார்த்தேன், பிரஷர் வைத்துப் பார்த்தேன், வேறொன்றை மாட்டிப் பார்த்தேன் என்று ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். “அனுபவத்தில் சொல்லுதேன்” என்பது சில நேரம் உண்மையாகவே இருக்கும். ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் வேலை என்றால் இன்னொருவரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கண்டுபிடிப்பதற்கு மட்டும் 500 ரூபாய் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். நம்மில் பலர் பாகத்துக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். அதனால்தான் மூளைக்கான கூலியும் பாகத்தின் விலையில் சேர்ந்து வருகிறது.

வண்டியை விடும்போது செய்ய வேண்டியவை இவை. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. பாகத்துக்குத் தனி, கூலிக்குத் தனி என்று பிரித்துக் கேளுங்கள். “எஸ்டிமேட்டுக்கு மேல ஆயிரம் ரூபா போனாலும் என்னக் கேக்காம செய்யாதீங்க” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பத் தரச் சொல்லுங்கள். இதை வேலை முடிந்த பிறகு கேட்டால் சண்டை மாதிரி இருக்கும், விடும்போதே சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கிலோமீட்டரையும் பெட்ரோல் அளவையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும்போது காசு கொடுப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். கோளாறு எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் ஓட்ட வேண்டும். நிற்கும்போது சூடாகும் வண்டியை வண்ணார்பேட்டை வரை ஒரு சுற்று வேகமாக ஓட்டிவிட்டுச் “சரியாயிடுச்சு” என்று சொல்லி வாங்கியவன் நான். இருபது நிமிடம் ஏசி போட்டு நிறுத்தி வைத்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பாகத்தில் மூன்று தரம் உண்டு: கார் கம்பெனி பெயரில் வருவது, அந்தக் கம்பெனிக்கே செய்து கொடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது, அப்புறம் டூப்ளிகேட். நடுவில் உள்ளது பெரும்பாலும் அதே தரத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வெளி ஒர்க் ஷாப்புகளுக்கு அசல் பாகங்களும் கருவிகளும் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகத்தின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு நிறையச் சொல்லும். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட் மூன்றிலும் டூப்ளிகேட் பக்கமே போகாதீர்கள். எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். உங்கள் வண்டிக்குப் பெல்ட்டா செயினா, எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் பார்த்து நோட்டில் பெரிதாக எழுதிவையுங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகனப் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்தது. பில்லில் இன்னும் பழைய விகிதம் போட்டிருந்தால் கேளுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கார்

நம் மாவட்டத்தில் பழைய கார் வாங்குபவர்களுக்கும், வாங்கிவிட்டு “எலக்ட்ரிக்கல் கோளாறு தீரவே இல்லையே” என்று தவிப்பவர்களுக்கும் இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, ஸ்ரீவைகுண்டம் வரை தண்ணீர் நின்றது. அன்றைக்கு எத்தனையோ கார்கள் மூழ்கின. அவற்றில் சில சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வரும். நனைந்த காரில் ஒயர் கனெக்டர்கள் உடனே சாவதில்லை. மாதக்கணக்கில் பச்சை பூத்து, இன்று ஹார்ன், நாளை கண்ணாடி, மறுநாள் ஏர்பேக் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் படுத்தும். அதை ஒவ்வொரு பாகமாக மாற்றித் தீர்க்க முடியாது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறைக் கோடு அங்கேதான் மறைந்திருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டின் இரும்புத் தண்டவாளம், டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள போல்ட்டுகள் எல்லாம் துருப்பிடித்திருக்கிறதா, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை வருகிறதா, ஹெட்லைட்டுக்குள் மூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர் வண்டி என்றால் உப்புக்காற்றில் அடிப்பாகம் துருப்பிடித்திருப்பது சகஜம். அது வேறு, வெள்ளம் வேறு. கடற்காற்றுத் துரு வெளியிலும் அடியிலும் இருக்கும், வெள்ளத் துரு உள்ளே இருக்கும்.

உங்கள் கார் தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போகும். எஞ்சின் பாதுகாப்பு சேர்க்காத பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாலிசியை எடுத்து அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பெனியின் தப்பாக இருந்தால்

சில கோளாறு தயாரிப்பிலேயே வருவது. அதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு திரும்ப அழைத்து (இதுதான் ரீகால்) இலவசமாகச் சரிசெய்து தரும். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணை கார் கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வண்டி இரண்டாவது கைக்கு வந்திருந்தாலும் இந்த உரிமை வண்டியோடே வரும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட அரசுக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது.

புதுக் கார் ஒரே கோளாறுக்கு மூன்று நான்கு தடவை உள்ளே போகிறதா? அல்லது செய்யாத வேலைக்கு பில் போட்டிருக்கிறார்களா? முதலில் வாய்ச்சண்டையை விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டில், உங்கள் வார்த்தையிலேயே குறையை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். “ஜெனரல் செக்கப்” என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள், பின்னால் அந்தக் கோளாறுக்கு நீங்கள் வந்ததாகச் சான்றே இருக்காது. பிறகு மின்னஞ்சலில் தேதி வாரியாக எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். பல விஷயங்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கார் மதுரையில் வாங்கியதாக இருந்தாலும் மதுரைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே பேசப்போவது காகிதம்தான். நோட்டும் ஜாப் கார்டும் பில்லும் வைத்திருப்பவருக்குத் தெம்பு இருக்கும். தனி ஆள் ஒருவரிடம் வாங்கிய பழைய காருக்கு மட்டும் இந்த வழி எளிதில் பொருந்தாது, ஏனென்றால் அவர் வியாபாரி இல்லை. அதனால்தான் அங்கே வாங்கும் முன்பே மெக்கானிக்கைக் கூட்டிப்போவது அவசியம்.

வைத்துக்கொள்வதா, விற்பதா

வீட்டில் இந்தப் பேச்சு எப்போதும் கோபத்தில்தான் தொடங்கும். வண்டி நின்ற அன்றைக்கு முடிவு எடுக்காதீர்கள். நோட்டை எடுத்துக் கடந்த பன்னிரண்டு மாதச் செலவைக் கூட்டுங்கள். அதில் டயர், பேட்டரி, ஆயில், பிரேக் கட்டை எல்லாவற்றையும் கழியுங்கள், அவை எந்தக் காருக்கும் வரும். மீதி நிற்பதுதான் இந்தக் காரின் தொல்லைச் செலவு. அதைப் பன்னிரண்டால் வகுத்து, வேறு கார் வாங்கினால் கட்ட வேண்டிய மாதத் தவணையோடு வைத்துப் பாருங்கள். நிறைய வீடுகளில் பழைய காரே லாபம் என்றுதான் வரும். என் கணக்கில் அப்படித்தான் வந்தது, அந்தத் தேவையில்லாத 18,300 ரூபாயையும் சேர்த்த பிறகும்.

மூன்று இடத்தில் மட்டும் விற்றுவிடுங்கள் என்பேன். எஞ்சினோ கியர்பாக்ஸோ பிரிக்க வேண்டும், அந்தச் செலவு வண்டி விலையில் பாதிக்கு மேல் வருகிறது. அடிப்பாகத்தில் துரு சட்டத்தையே தின்றிருக்கிறது. அல்லது வீட்டில் வயதானவர்களை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நிலை, அந்தக் காரை நம்ப முடியவில்லை. இந்த மூன்றாவதுக்குக் கணக்கே பார்க்க வேண்டாம்.

விற்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஆர்சி புதியவர் பெயருக்கு மாறியதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கும் வரை வேலை முடியவில்லை. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்குபவரிடம் கோளாறை மறைக்காதீர்கள். சாவியோடு அந்த நாற்பது பக்க நோட்டையும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.